இது ஜூன் கேக்கற கேள்விங்க

கேள்வி: 'யெல்லோஃபேஸ்' படிச்சேன் சார். சீன வம்சாவளியில வந்த ஆர்.எஃப். குவாங் ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு குரல்ல முழு நாவலும் எழுதலாமாம், அந்தப் பொண்ணு சீனாக்காரங்க கதைய எழுதினா மட்டும் நக்கல் பண்ணுவாங்களாம். எந்த ஊரு நியாயம் இது?

பதில்: அதையேதானே கதைய சொல்ற அந்த வெள்ளைக்காரப் பொண்ணு ஜூன் ஹேவர்டு புக் பூரா கேட்டுக்கிட்டிருக்கா, கவனிக்கலையா? கற்பனைக்கு வேலி போடலாமா, யாரப் பத்தி யாரு வேணா எழுதலாமேன்னு போற இடத்துலல்லாம் நியாயம் பேசுவா, கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அவ எங்க சார் எழுதினா? சீன வம்சாவளி எழுத்தாளரான தோழி அதீனா தொண்டையில பான்கேக் சிக்கி கண்ணெதிர்ல சாகறா, இவ அவளோட கையெழுத்துப் பிரதிய எடுத்துக்கிட்டு வந்துடறா. முதல் உலகப் போர்ல பிரிட்டனும் பிரான்ஸும் கூட்டிட்டுப் போன சுமார் 1,40,000 சீனத் தொழிலாளிங்களோட கதை அது. அதுல வர்ற வெள்ளைக்காரங்கள கொஞ்சம் நல்லவங்களா பாலிஷ் போட்டு தன் பேர்ல விக்கறா. இதுக்குப் பேரு திருட்டு.

குவாங் நிஜமா வாருறது பதிப்பகத்தைத்தான். ஜூனோட ஹேவர்டுங்கற குடும்பப் பேர தூக்கிட்டு, அம்மா வச்ச நடுப்பேர முன்னாடி கொண்டாந்து, அட்டையில 'ஜூனிப்பர் சாங்'! போட்டோவும் என்ன இனம்னு சட்டுனு பிடிபடாத மாதிரி ஒண்ணு. யாரும் ஒரு வரி பொய் சொல்லலை பாருங்க, அதான் சாமர்த்தியம். சீன வம்சாவளி ஆள் யாராவது ஒருதடவ படிச்சுப் பாக்கட்டுமேன்னு சொன்னது ஒரு கொரிய வம்சாவளி அசிஸ்டென்ட் பொண்ணு, கடைசியில வேலை போனதும் அவளுக்கே.

ரொம்ப ஓவர்னு தோணுதா? 2015ல மைக்கேல் டெரிக் ஹட்சன்னு ஒரு வெள்ளைக்காரக் கவிஞர், சொந்தப் பேர்ல 40 தடவ திரும்பி வந்த கவிதைய 'யி-ஃபென் சௌ'ங்கற சீனப் பேர்ல அனுப்பி, அது 'பெஸ்ட் அமெரிக்கன் பொயட்ரி' தொகுப்பு வரைக்கும் போயிடுச்சு. உடனே பாத்தீங்களா, வெள்ளைக்காரங்க இல்லாதவங்களுக்குத்தான் சலுகைன்னு ஒரு கூட்டம் கிளம்பிச்சு. 2023 சர்வேல அமெரிக்கப் பதிப்புத் துறையில நூத்துக்கு 72 பேருக்கு மேல வெள்ளைக்காரங்க, இதுல யாரு யாருக்கு சலுகை குடுக்கறது?

அதீனாவையும் குவாங் சும்மா விடலை. காலேஜ்ல ஜூனுக்கு நடந்த கொடுமைய அவ சொல்லக் கேட்டுட்டு, அதையே கதையாக்கினவதான் அவளும். எனக்குப் பிடிச்சதே இந்த இடந்தான். பிற்பகுதியில ட்விட்டர் சண்டைய இழுத்துக்கிட்டே போறது அலுப்பு, அதப் பத்தி கேட்டிருந்தா உங்க பக்கம் நின்னிருப்பேன்.