‘ஃபட் பரப்பாதே’ – வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு கிரிப்டோ காயினின் டெலிகிராம் குழுவில் இருக்கிறேன். இப்போது ஒரு சென்ட் விலை. சீக்கிரமே ஒரு டாலரைத் தொடும் என்கிறார்கள். மொத்தம் எத்தனை காயின் இருக்கிறது என்று கேட்டேன். ‘ஃபட் பரப்பாதே, பீதியைக் கிளப்பாதே’ என்று அதட்டினார்கள். பயத்தையும் சந்தேகத்தையும் கிளப்பும் பேச்சுக்கு அங்கே ஃபட் (FUD) என்று பெயர். அட்மின் என் பதிவையே நீக்கிவிட்டார். ஆனால் யாரும் ஏமாற்றுக்காரர்களாகத் தெரியவில்லை, சொந்தச் சேமிப்பைப் போட்டவர்கள்தான். நம்பலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் மனமறிந்து பொய் சொல்கிறார்கள் என்று நானும் நினைக்கவில்லை. எனக்குக் கவலையே அதுதான். காயினை வாங்கி வைத்திருப்பவருக்கு, இன்னும் பலர் வாங்க வந்தால்தான் லாபம். அதனால் தினமும் அதைப் புகழ்கிறார், புகழ்ந்து புகழ்ந்து முழுசாக நம்பியும் விடுகிறார். அவருடைய நம்பிக்கை அவரைப் பற்றித்தான் சொல்கிறது. காயினைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் கணக்குதான் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்டது அந்தக் கணக்கைத்தான். ஒரு லட்சம் கோடி காயின்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒரு டாலர் ஆனால் மொத்த மதிப்பு ஒரு லட்சம் கோடி டாலர். 2009இல் தொடங்கிய பிட்காயினே அந்த அளவை முதன்முதலில் எட்டியது 2021 பிப்ரவரியில்தான். ஒரு சென்ட் என்றதும் மலிவு என்று தோன்றுகிறது. எண்ணிக்கை தெரியாமல் விலையை மட்டும் வைத்து எதுவுமே சொல்ல முடியாது.

‘மார்க்கெட் கேப்’ என்று பெருமையாகச் சொல்வார்களே, அதையும் கவனியுங்கள். கடைசியாக விற்ற விலையைப் புழக்கத்தில் உள்ள காயின்களின் எண்ணிக்கையால் பெருக்கி வரும் எண் அது. அவ்வளவு பணம் எங்கும் குவிந்திருக்கவில்லை. நூறு கோடி காயின்களில் பத்தே பத்து கைமாறி, விலை ஒரு டாலர் என்று பதிவானாலும் மதிப்பு நூறு கோடி டாலர் என்றுதான் காட்டும். எல்லோரும் ஒரே நாளில் விற்க வந்தால் அதில் எவ்வளவு கைக்கு வரும்? வாங்க எத்தனை பேர் காத்திருக்கிறார்களோ அவ்வளவுதான்.

வட்டி தருவதாகச் சொன்னால் அதை யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். டெர்ரா என்ற கிரிப்டோ திட்டத்தின் யுஎஸ்டி (UST) காயின், எப்போதும் ஒரு டாலர் மதிப்பிலேயே இருக்கும் என்று சொல்லப்பட்டது. அதைப் போட்டு வைத்தவர்களுக்கு ஆங்கர் என்ற கடன் தளம் ஆண்டுக்கு 20 சதவீதத்தை ஒட்டி வட்டி கொடுத்தது. கடன் வாங்கியவர்களிடமிருந்து வந்த வருமானம் அதற்குப் போதவில்லை, கையிருப்பிலிருந்து போட்டு ஈடுகட்டினார்கள். இதை முன்பே சுட்டிக்காட்டியவர்களுக்கும் அங்கே கேலிதான் கிடைத்தது. 2022 மே மாதம் சில நாட்களுக்குள் யுஎஸ்டியும் அதன் ஜோடிக் காயினான லூனாவும் சரிந்து, சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு காணாமல் போனது.

ஆதாரமில்லாமல் பீதி கிளப்புகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு ஒரு எண்ணைக் காட்டிப் பதில் சொல்லலாமே. உங்கள் கேள்விக்கு அந்த எண் ஒரே வரியில் முடியும் பதில். பதிவை நீக்கியது அட்மினின் விருப்பத்தைத்தான் காட்டுகிறது.

மறுபடியும் கேளுங்கள். கூடவே, தொடங்கியவர்களின் கையில் எவ்வளவு இருக்கிறது, அதை அவர்கள் எப்போது விற்கலாம் என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை ஒரு பைசாவும் கூடப் போடாதீர்கள். அப்புறம், இருப்பதில் கொஞ்சம் விற்று, பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். 2021இல் ஸ்க்விட் என்ற டோக்கன் சில நாட்களில் 2,800 டாலரைத் தாண்டியபோது, வாங்கியவர்களில் பெரும்பாலோரால் அதை விற்கவே முடியவில்லை.