எந்தக் கரை, எந்த மாதம்? இலங்கைக் கடற்கரைகள் பற்றி வாசகர் கேள்விகள்

மே மாதப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு இலங்கை போகிறோம். மிரிஸ்ஸ, உனவட்டுன படங்களைப் பார்த்து மயங்கிவிட்டோம். அங்கேயே விடுதி எடுத்துவிடலாமா? (வாசகி, சேலம்)

மே மாதத்தில் வேண்டாம். இரண்டும் தென்மேற்குக் கரையில் இருப்பவை. நீங்கள் பார்த்த படங்களில் பொய் ஏதுமில்லை. ஆனால் அப்படிக் கண்ணாடி போலக் கடல் கிடப்பது பெரும்பாலும் டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கும்தான். இலங்கையில் முதலில் காற்றைப் பாருங்கள், அதற்கப்புறம் கரையைப் பாருங்கள். இந்த வரிசை மாறினால் நல்ல விடுதி, நல்ல சாப்பாடு எல்லாம் அமைந்தும் கடலில் கால் நனைக்காமல் திரும்ப வேண்டிவரும்.

மே முதல் செப்டம்பர் வரை வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. யாழ்ப்பாணத்தில் சோளகம் என்பார்கள்; மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கம் மேற்கிலிருந்து வறண்டு வீசும் காற்றைக் கச்சான் என்பார்கள். இந்த மாதங்களில் நீர்கொழும்பிலிருந்து காலி, மாத்தறை வரை தென்மேற்குக் கரை முழுவதும் அலை எகிறும், தண்ணீர் கலங்கும், பல நாட்கள் சிவப்புக் கொடி பறக்கும். நடுவில் நிற்கும் மலைநாடு (அதன் உச்சியான பீதுருதாலகாலை 2,524 மீட்டர்) மழையைத் தன் மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொள்வதால், அதே நாட்களில் கிழக்குக் கரையில் வானம் வெளுத்திருக்கும், கடல் தணிந்திருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாடைக் காற்று வந்ததும் கணக்கு அப்படியே தலைகீழாகும். கிழக்கு கொந்தளிக்கும், தென்மேற்கு அமைதியாகும்.

ஆகவே மே மாதத்துக்குக் கிழக்குக் கரை: திருகோணமலையை ஒட்டிய நிலாவெளி, உப்புவெளி அல்லது மட்டக்களப்புப் பக்கத்துப் பாசிக்குடா. கொழும்பிலிருந்து திருகோணமலைக்குச் சாலை வழியாகச் சுமார் 260 கிலோமீட்டர், ஆறு மணி நேரம் ஆகும். பாசிக்குடா இன்னும் கொஞ்சம் தூரம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு விமானம் கிடைத்தால் அதையே எடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம்தான், கொழும்பு நெரிசலும் இல்லை. பௌத்தர்களின் வெசாக் பௌர்ணமி மே மாதத்தில் வரும். அதை ஒட்டிய நாட்களில் உள்ளூர்க் குடும்பங்களும் விடுமுறைக்குக் கிளம்புவதால் அறைகள் சீக்கிரம் நிறைந்துவிடும். தேதியைப் பார்த்து முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

தென்மேற்கில் மே, ஜூனில் பாதி விலைக்கு அறை கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். விலை இறங்குவதே கடல் உதவாத பருவம் என்பதால்தான். நீச்சல்குளமும் காலி நகரத்துக் கோட்டையும் போதும் என்பவர்கள் மட்டும் போகலாம்.

நீச்சல் தெரியாத அப்பா அம்மா, ஐந்து வயதுப் பையன். ஜூலையில் பயமில்லாமல் இறங்க ஒரு கடல் சொல்லுங்கள். (வாசகர், கோயம்புத்தூர்)

பாசிக்குடா. பிறை போல வளைந்த குடா அது. வெளியே இருக்கும் பவளப்பாறை அலையை உடைத்துவிடுவதால் உள்ளே வருவது சிற்றலைதான். கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் பெரியவர்களின் இடுப்பைத் தாண்டாத இடங்கள் நிறைய உண்டு. மணல் தரை மெதுவாகச் சரிகிறது, திடீர்ப் பள்ளம் அரிது. பக்கத்திலேயே இருக்கும் கல்குடாவை இதோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். அது திறந்த கடல், ஆழமும் இழுப்பும் வேறு.

பாசிக்குடாவிலும் மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது காற்று நிரப்பிய டியூப், மிதவைப் படுக்கை, பிளாஸ்டிக் வாத்து. கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால்தான் கரையோரம் அமைதியாக இருக்கிறது. அதே காற்று மிதவையில் இருக்கும் குழந்தையைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். பெரியவர் எட்டிப் பிடிப்பதற்குள் கைக்கெட்டாத தூரம் போய்விடும். கிழக்குக் கரைக்கு இவற்றைக் கொண்டு போகவே வேண்டாம். பையனின் அளவுக்குப் பொருந்தும், கவட்டைப் பட்டி உள்ள லைஃப் ஜாக்கெட் ஒன்றை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். பட்டி இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே ஏறிப் பிள்ளை கீழே நழுவும்.

இரண்டாவது வெயில். ஜூலையில் நண்பகல் அனல், ஆழமில்லாத தண்ணீரும் சூடேறிவிடும். காலை ஆறு முதல் ஒன்பது வரை, மாலை நான்குக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது உடை. புடவையும் துப்பட்டாவும் நனைந்ததும் கனத்து காலைச் சுற்றும். முழங்காலளவு தண்ணீரில்கூட விழுந்தால் எழ விடாது. அம்மாவுக்கு லெக்கிங்ஸும் முழுக்கைச் சட்டையும் போதும். பவளத் துண்டுகள் கிடக்கும் இடங்களில் வெட்டாமல் இருக்க ரப்பர் அடிச் செருப்பு, அதுவும் குதிகாலில் பட்டி உள்ளதாக.

இதே குடும்பம் ஜனவரியில் போவதானால் மாத்தறைக்கு அருகே பொல்ஹேன. அங்கும் கரையை ஒட்டிய பாறைத்தடுப்பு அலையை வாங்கிக்கொள்கிறது.

அலை குறைவாகத் தெரியும் இடமாகப் பார்த்துத்தானே இறங்குகிறோம்? அங்கேயே இழுத்துக்கொண்டு போவது ஏன்? (வாசகர், தூத்துக்குடி)

பல நேரங்களில் அந்த அலை குறைந்த இடமேதான் இழுப்பு. கரைக்கு வந்து உடையும் அலைகள் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையே, பாறைத்தடுப்பின் இடைவெளியில், அல்லது கரையின் ஓரப் பாறைகளை ஒட்டி அது ஒரு வாய்க்காலாகக் கூடி வெளியே ஓடுகிறது. அந்த வாய்க்காலில் ஆழம் அதிகம், அதனால் அலை அங்கே உடைவதில்லை. இருபுறமும் வெள்ளை நுரை, நடுவில் கருத்த, சமதளமான ஒரு பட்டை. புதிதாக வருபவர் கண்ணுக்கு அதுதான் பாதுகாப்பான இடமாகத் தெரியும்! இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் மேடான ஓரிடத்தில் நின்று பாருங்கள். நுரையோ, கலங்கிய மணலோ, மிதக்கும் சருகோ கடலை நோக்கி நகரும் பட்டை தெரிந்தால் அங்கிருந்து விலகி வேறிடம் போங்கள்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. இழுப்பின் வேகம் சில சமயம் வினாடிக்கு இரண்டு மீட்டரைத் தொடும், பயிற்சி பெற்றவராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆள் போவது பெரும்பாலும் களைப்பாலும் பதற்றத்தாலும். மல்லாந்து மிதந்து மூச்சைச் சமாளியுங்கள், ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் பகுதிக்கு வந்தபின் அலையோடு உள்ளே வாருங்கள். கரையில் நிற்பவர் வெறுங்கையோடு பின்னால் குதிக்கவே கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவராக மூழ்குவது இப்படித்தான். மூடிய காலிக் கேன், கயிறு, சர்ஃபிங் பலகை என்று மிதக்கும் எதையாவது எறியுங்கள். உயிர்காப்பாளர் இருக்கும் கரையில் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். இலங்கையில் ஆம்புலன்ஸுக்கு 1990, போலீசுக்கு 119.

இன்னொரு அடையாளம் காலடியில் இருக்கிறது. பெருமணலாகவும் கால் புதைவதாகவும் இருந்தால் கரை செங்குத்தாகச் சரியும். அலை கரையிலேயே வந்து அறையும், நாலடி வைப்பதற்குள் தரை எட்டாது. தங்காலைப் பக்கம் இப்படிப் பல கரைகள் உண்டு. பார்க்கக் கொள்ளை அழகு, குளிக்கக் கூடாது. நுண்ணிய மணலும் இறுகிய தரையுமாக இருந்தால் சரிவு குறைவு.

பவளப்பாறை பார்க்க நிலாவெளியா, ஹிக்கடுவயா? (வாசகி, புதுச்சேரி)

மே முதல் செப்டம்பர் வரை என்றால் நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீட்டரில் இருக்கும் புறாத்தீவு. 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளம், வண்ண மீன்கள், அதிர்ஷ்டமிருந்தால் கருமுனைச் சுறா. இந்தச் சுறா கூச்ச சுபாவம் உடையது, துரத்தாமல் இருந்தால் தொந்தரவில்லை. நுழைவுச்சீட்டு தனி, படகு வாடகை தனி. படகுக்கு மொத்தமாகப் பேசுவதால் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போனால் செலவு பாதியாகும். முதல் படகிலேயே கிளம்புங்கள். வெயில் ஏற ஏறக் காற்று எழும்பி, மணல் கலங்கித் தண்ணீருக்குள் பார்வை மங்கும், கூட்டமும் சேரும். சனி, ஞாயிறு, பௌர்ணமி விடுமுறை நாட்களைத் தவிர்க்கலாம்.

நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை என்றால் தென்மேற்குக் கரையின் ஹிக்கடுவ. 1998 இல் கடல் சூடேறியதில் அங்கே பவளம் பெருமளவு வெளுத்துப் போனது. பழைய செழிப்பை எதிர்பார்க்க வேண்டாம். ஆமைகள் கரைக்கு மிக அருகே வரும். கடற்பாசியைக் கையில் கொடுத்து ஊட்டச் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். தொடவும் வேண்டாம்.

எங்கே போனாலும் பவளத்தின் மேல் நிற்பதுதான் பெரிய கேடு. உயிருள்ள மேல்தோல் ஒரு மிதியில் நசுங்கிவிடும், திரும்ப வளர ஆண்டுகள் ஆகும். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததும் பதறி, கால் ஊன்ற இடம் தேடுவதால்தான் பலரும் மிதிக்கிறார்கள். ஆகவே முதல் அரைமணி நேரம் மணல் தரை உள்ள இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் மூச்சுக்குழாயைப் பழகுங்கள். மீசை இருந்தால் மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் தடவினால் முகமூடி கசியாது. சன்ஸ்கிரீனை அள்ளிப் பூசுவதை விட முழுக்கை நீச்சல் சட்டை போடுவது முதுகுக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது.

தீபாவளிக்கு நான்கு நாள் விடுப்பு. எந்தக் கரை? (வாசகர், மதுரை)

அக்டோபர், நவம்பர் இரண்டும் பருவங்களுக்கு இடைப்பட்ட மாதங்கள். வங்கக் கடலில் தாழ்வுநிலைகள் உருவாகும் காலம். மட்டக்களப்பைச் சிதைத்த 1978 புயல் வந்ததும் நவம்பரில்தான். இரு கரைகளிலும் மாலை இடியும் மழையும் சகஜம். நான்கே நாள் கையில் இருந்தால் கடலுக்காக மட்டும் போகாதீர்கள். விடுப்பை டிசம்பர் கடைசிக்கு மாற்ற முடிந்தால் மிரிஸ்ஸ, உனவட்டுன இரண்டும் உங்களுக்கு.

முன்பதிவுக்கு முன் விடுதியின் கடற்கரை நல்லதா என்று வீட்டிலிருந்தே கண்டுபிடிக்க வழி உண்டா? (வாசகி, பெங்களூரு)

உண்டு. கூகுள் எர்த்தில் விடுதியைத் தேடி, பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கரைக்கு வெளியே வெள்ளை நுரைக்கோடும் உள்ளே இளநீலத் தண்ணீரும் தெரிந்தால் பாறைத்தடுப்பு இருக்கிறது. நுரை கரையிலேயே ஒட்டியிருந்தால் திறந்த கடல். மணல் ஆண்டுக்கு ஆண்டு ஒடுங்கி வந்திருந்தால் அரிப்பு. உனவட்டுன போன்ற இடங்களில் கரையின் அகலம் மாறிக்கொண்டே இருப்பதால் ஐந்து வருடத்துக்கு முந்தைய படத்தை நம்பி ஏமாறக் கூடாது. கொழும்பிலிருந்து மாத்தறை வரை நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் கரையை ஒட்டியே ஓடுகின்றன. ‘கடலைப் பார்த்த அறை’ என்பதற்கும் அலைக்கும் நடுவே தண்டவாளமோ கருங்கல் தடுப்போ இருக்கலாம். விருந்தினர் கருத்துகளில் நீங்கள் போகும் அதே மாதத்தில் எழுதியவற்றை மட்டும் படியுங்கள். விடுதிக்குத் தொலைபேசி செய்தால் ‘கடல் எப்படி’ என்று கேட்காதீர்கள், எப்போதும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். ‘இந்த வாரம் எத்தனை நாள் சிவப்புக் கொடி’ என்று கேளுங்கள்.

சர்ஃபிங் கற்க ஆசை. அறுகம் குடா போகலாமா? (வாசகர், சென்னை)

கற்பதற்கு மிரிஸ்ஸவுக்கு அருகே இருக்கும் வெலிகம, நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அகன்ற குடா, மணல் தரை, விழுந்தாலும் அடிபடாது. எட்டு, ஒன்பது அடி மென்நுரைப் பலகை கேளுங்கள். குட்டைப் பலகையில் தொடங்கினால் எழுந்து நிற்கவே முடியாது. கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம் குடாவின் முதன்மை அலை பாறைத் தரையின் மேல் உடைவது, பழகியவர்களுக்கானது. மே முதல் செப்டம்பர் வரைதான் நேரம் கிடைக்கும் என்றால் அங்கேயே போங்கள், ஆனால் பயிற்சியாளரோடு பேபி பாயிண்ட், விஸ்கி பாயிண்ட் பக்கம் மட்டும். பலகையில் வயிறு உராய்ந்து புண்ணாகும் என்பதால் இறுக்கமான டிஷர்ட் அவசியம்.