இசைத்தட்டு உறைக்குள் வரும் சிறு சீட்டு: கேள்வி பதில்

புதிதாக வாங்கும் இசைத்தட்டுகள் பலவற்றின் உறைக்குள் ஒரு சிறு சீட்டு இருக்கும். அதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். சொல்லப்பட்ட இணையதளத்தில் அதை இட்டால் அதே இசைத்தொகுப்பைக் கோப்புகளாக இறக்கிக்கொள்ளலாம். அந்தச் சீட்டை யாராவது பயன்படுத்துகிறார்களா என்று இசைத்தட்டு சேகரிப்பவர்களான நம் சென்னைக் குழுவில் ஓர் இளைஞர் கேட்டார். அதைத் தொட்டு இன்னும் பல கேள்விகள் வந்தன. எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து: அண்ணா, உண்மையிலேயே யாராவது இந்தக் குறியீட்டைப் பயன்படுத்துகிறார்களா? என்னிடம் இருப்பவற்றில் பாதிக்கு மேல் தொடவே இல்லை.

எனக்குத் தெரிந்த சேகரிப்பாளர்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவதில்லை, தம்பி. தட்டின் நிலையே அப்படி இருக்கும்போது சீட்டின் நிலை வேறு எப்படி இருக்கும்? பிரிட்டனில் பிபிசிக்காக 2016இல் ஐ.சி.எம். நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், முந்தைய ஒரு மாதத்துக்குள் இசைத்தட்டு வாங்கியவர்களில் 48 விழுக்காட்டினர் அதை இன்னும் போட்டுக் கேட்கவில்லை என்றார்கள். அமெரிக்காவில் லூமினேட் நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, தட்டு வாங்குவோரில் பாதிப் பேரிடம்தான் பிளேயர் இருக்கிறது. மீதிப் பேர் உறையின் அழகுக்காகவோ, பிடித்த கலைஞருக்குத் தங்கள் பணம் போய்ச் சேரட்டும் என்றோ வாங்குகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் பிளேயர் இல்லாத வீட்டில் அந்தச் சீட்டுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இசை. அதைப் போய்த் தூக்கி எறிகிறோம்.

இந்தச் சீட்டு பரவலானது 2000களின் நடுப்பகுதிக்குப் பிறகு. அப்போது பாட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டுமென்றால் கோப்பு வேண்டும். தட்டு வாங்கியவர் அதையே இன்னொரு முறை காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பது அன்றைய ஏற்பாடு. மாதச் சந்தாவில் எல்லாம் கைப்பேசிக்கே வரத் தொடங்கியதும் சீட்டைத் தேடி, குறியீட்டைத் தட்டச்சு செய்யும் பொறுமை போய்விட்டது. சீட்டு வைப்பதையே நிறுத்திவிட்ட நிறுவனங்களும் உண்டு. வந்திருக்கிற சீட்டை அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள் என்பதுதான் எல்லோருக்கும் நான் சொல்வது. தட்டு ஐம்பது ஆண்டு தாங்கும். குறியீட்டுக்கு அந்த ஆயுள் கிடையாது.

மயிலாப்பூரிலிருந்து: ஐயா, எல்லாப் பாட்டும் கைப்பேசிச் செயலிகளில் கிடைக்கிறதே. கோப்பை இறக்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கிடைக்கிறது, அம்மா. கிடைக்காமலும் போகிறது. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் நிறுவனத்தின் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஒரே நாளில் காணாமல் போயின. இரு தரப்புக்கும் உரிம ஒப்பந்தம் படியவில்லை. 2024இல் ஏர்டெல் தன் விங்க் மியூசிக் செயலியையே மூடியது. பல ஆண்டுகளாக அதில் பாட்டுப் பட்டியல் சேர்த்து வைத்திருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். சந்தா கட்டுவது கேட்பதற்கு அனுமதி. அந்த அனுமதியை யார் எப்போது விலக்கிக்கொள்வார்கள் என்பது நம் கையில் இல்லை.

நீங்கள் கர்நாடக இசை கேட்பவர் என்பதால் இன்னொன்று. செயலிகளில் ஒரு கச்சேரிப் பதிவைத் தேடிப் பாருங்கள். ராகத்தின் பெயர் இருக்காது, அல்லது தவறாக இருக்கும். வயலின் யார், மிருதங்கம் யார் என்பது பெரும்பாலும் இருப்பதே இல்லை. ஒரே கீர்த்தனை மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று இடத்தில் கிடக்கும். கோப்பு உங்களிடம் இருந்தால் ராகம், தாளம், பக்கவாத்தியம், பதிவான ஆண்டு எல்லாவற்றையும் நீங்களே அதற்குள் குறித்து வைக்கலாம். பத்து ஆண்டு கழித்து ‘இந்தத் தோடி யார் பாடியது’ என்று தேடி அலைய வேண்டியதில்லை. பக்கவாத்தியக்காரர்களின் பெயரை விட்டுவிடுவது எனக்குப் பொறுக்காத விஷயம். தட்டின் பின்னட்டையில் அச்சடித்து வந்த பெயரை இணையம் தின்றுவிடக் கூடாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஊரில் கைப்பேசி அலைவரிசையே பல இடங்களில் இல்லை என்பதும் நினைவிருக்கும். அலைவரிசை இல்லாதபோதும் கையில் உள்ள கோப்பு பாடும்.

தாம்பரத்திலிருந்து: நான்கு ஆண்டுக்கு முன் வாங்கிய தட்டின் குறியீட்டை இப்போது இட்டேன். ‘செல்லாது’ என்கிறது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியலாம். முதலில் எழுத்துகளைச் சரிபாருங்கள். பூஜ்யமும் ஆங்கில ‘ஓ’வும், ஒன்றும் ‘ஐ’யும் குழம்பியிருக்கும், செல்லாத குறியீடு என்று என்னிடம் வருபவற்றில் இதுவே அதிகம். அடுத்து, சீட்டின் மூலையில் சிறிய எழுத்தில் கடைசித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தேதி கடந்திருந்தாலும் வெளியீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தட்டு, சீட்டு, ரசீது மூன்றையும் படமெடுத்து இணைத்து, புதிய குறியீடு கிடைக்குமா என்று இரண்டு வரியில் கேட்டால் போதும். சிறிய நிறுவனங்களில் அந்த அஞ்சலைப் படிப்பவர் பெரும்பாலும் இசைப் பித்து உள்ள ஒருவராகவே இருப்பார், அனுப்பிவிடுவார். குறியீட்டை ஏற்கும் தளத்தையே மூடிவிட்டார்கள் என்றால் வழியில்லை.

சில குறியீடுகள் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ மட்டும்தான் செல்லும். வெளிநாட்டுக் கடையில் வாங்குமுன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. அமேசான் 2013 ஜனவரியில் ஆட்டோரிப் என்ற ஏற்பாட்டை அமெரிக்காவில் தொடங்கி, ஏப்ரலில் அதை இசைத்தட்டுகளுக்கும் நீட்டித்தது. தட்டு வாங்கினால் கோப்பு தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இங்கும் அப்படியே வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

சுரண்டிப் பார்க்கும் வகைச் சீட்டாக இருந்தால், நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தப் பூச்சு இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பல ஆண்டு கழித்துச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். ஆறப்போடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

பெரம்பூரிலிருந்து: பழைய தட்டு விற்பவர் ஒருவர், ‘குறியீடு இன்னும் பயன்படுத்தவில்லை’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இட்டுப் பார்க்காமல் அதைச் சோதிக்க வழியில்லை; இட்டால் அது பயன்படுத்தியதாகிவிடும். தட்டின் நிலைக்கும் உறையின் நிலைக்கும் மட்டும் விலை பேசுங்கள். சீட்டு வேலை செய்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

சென்னையின் பழைய பொருள் சந்தையான மூர் மார்க்கெட் காலத்திலிருந்து கைமாறி வரும் தட்டுகளில் சிலர் சீட்டைத் தேடுகிறார்கள். 1985இல் அந்தக் கட்டடம் எரிந்தபோது குறுவட்டே இந்தச் சந்தையை எட்டியிருக்கவில்லை. அல்லிக்குளம் வளாகத்தில் இன்று புரட்டும் பழைய தட்டுகளில் உறைக்குள் பாட்டுப் புத்தகமோ முன்பு வைத்திருந்தவரின் கையெழுத்தோ கிடைக்கலாம், குறியீடு கிடைக்காது.

அண்ணா நகரிலிருந்து: குறியீட்டை இட்டதும் தளம் எம்.பி.3, ஃபிளாக், வேவ் என்று மூன்று கோப்பு வகைகளில் எது வேண்டும் என்று கேட்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? இன்னொன்று: கோப்பில் கேட்பது தட்டில் கேட்பதைவிட வேறு மாதிரி இருக்கிறதே, சார்?

ஃபிளாக். நாற்பது நிமிடத் தொகுப்பு குறுவட்டுத் தரத்தில் வேவ் கோப்பாக வந்தால் 420 எம்.பி. அளவு இருக்கும். ஃபிளாக் ஒலியில் ஒன்றையும் இழக்காமல் அதை ஏறத்தாழ 250 எம்.பி.க்குச் சுருக்கிவிடும். 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3 என்றால் 100 எம்.பி.க்குள் அடங்கும்; பஸ்ஸில் போகும்போது கேட்க அது போதும். ஆனால் ஃபிளாக்கிலிருந்து எம்.பி.3 எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எம்.பி.3 செய்தபோது இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. ஆப்பிள் கைப்பேசியின் இசைச் செயலி ஃபிளாக்கை ஏற்காது, தளத்தில் ஏ.எல்.ஏ.சி. என்ற ஆப்பிளின் இழப்பில்லாக் கோப்பு வகை இருந்தால் அதை எடுங்கள், அல்லது வி.எல்.சி. செயலியை நிறுவிக்கொள்ளுங்கள்.

ஒலி வேறு மாதிரி இருப்பது உங்கள் பிளேயரின் கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தட்டுக்கு ஒலியைத் தயாரிப்பது தனி வேலை. ஆழ்ந்த தாழ்சுரங்களை இடம் வலம் பிரிக்காமல் நடுவில் வைப்பார்கள். இல்லாவிட்டால் ஊசி தட்டில் வெட்டிய பள்ளத்தை விட்டுத் துள்ளும். ‘ஸ்’ என்ற சீற்ற ஒலியைக் கட்டுப்படுத்துவார்கள். தட்டின் நடுவை நெருங்க நெருங்க அதே ஒரு சுற்று நேரத்துக்குக் கிடைக்கும் பள்ளத்தின் நீளம் குறைவதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் துல்லியம் கொஞ்சம் குறையும். கோப்புக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை; குறுவட்டுக்காக உரத்த ஒலியில் தயாரித்ததையே கோப்பாகக் கொடுத்துவிடும் நிறுவனங்களும் உண்டு. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுக் கேளுங்கள். காது பழகும்.

கோடம்பாக்கத்திலிருந்து ஓர் இசைக்குழு: எங்கள் முதல் தொகுப்பை முன்னூறு தட்டுகளாக வெளியிடப் போகிறோம். யாரும் பயன்படுத்தாத குறியீட்டுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்கிறார் எங்கள் டிரம்மர்.

செய்யுங்கள். தட்டு அச்சிட ஆகும் செலவில் சீட்டுக்கு ஆகும் செலவு ஒரு பொருட்டே அல்ல. பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் நேரடியாக வாங்குபவருக்குத் தட்டோடு கோப்பும் கிடைக்கும்படி அமைத்துவிட்டால் அவருக்குச் சீட்டே வேண்டாம். கச்சேரி அரங்கிலும் கடையிலும் விற்கும் பிரதிகளுக்குத்தான் சீட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே குறியீட்டை அச்சிடாதீர்கள். ஒருவர் வெளியிட்டால் ஊருக்கே போய்விடும். தட்டுக்கு ஒன்றாகத் தனித்தனிக் குறியீடு வையுங்கள். கடைசித் தேதி போடாதீர்கள். பூஜ்யத்தையும் ‘ஓ’வையும் குறியீட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். கைப்பேசியால் படிக்கக்கூடிய கியூ.ஆர். கட்டமும் அச்சிடுங்கள்; தட்டச்சு செய்யச் சோம்பல்படுபவரும் பயன்படுத்துவார்.

சீட்டைத் துண்டுக் காகிதமாக வைக்காமல் அஞ்சலட்டை அளவில் செய்து, பின்புறம் பாடல் வரிகளையும் வாசித்தவர்கள் பெயர்களையும் போடுங்கள். அப்படிப்பட்ட அட்டையை யாரும் எறிய மாட்டார்கள். உங்கள் டிரம்மரின் பெயரும் அதில் இருக்கும் என்று சொல்லிப் பாருங்கள்.

திருவல்லிக்கேணியிலிருந்து: அப்பா விட்டுச்சென்ற எச்.எம்.வி., எக்கோ, இன்ரெக்கோ நிறுவனங்களின் தட்டுகள் நிறைய இருக்கின்றன. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய 78 சுற்றுத் தட்டுகளும் சில உண்டு. குறியீடு ஏது? நானே கோப்பாக மாற்றலாமா? சட்டப்படி சரியா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம்மூர் இசையில் பெரும்பகுதிக்குச் சீட்டு கொடுக்க யாரும் இல்லை. வைத்திருப்பவர்தான் செய்தாக வேண்டும்.

சட்டத்தை முதலில் பார்ப்போம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை அனுமதிக்கிறது. சொந்தத் தட்டை வீட்டில் கேட்க மாற்றிக்கொள்வதை நான் அந்த வரம்புக்குள்தான் பார்க்கிறேன். அந்தக் கோப்பை இணையத்தில் ஏற்றுவது, விற்பது வேறு விஷயம். ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். அது முடிந்தாலும் பாடலை எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் உரிமை தனியாக நிற்கும்.

வேலைக்கு வருவோம். எல்.பி. எனும் நீண்ட நேரத் தட்டைக் கழுவி, நன்றாக உலர்த்திவிட்டுத் தொடங்குங்கள். 78 சுற்றுத் தட்டு பெரும்பாலும் அரக்கில் செய்தது; ஸ்பிரிட்டோ ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமோ அதன்மேல் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். அதற்கு ஊசியும் வேறு. எல்.பி. ஊசியின் முனை 78இன் அகன்ற பள்ளத்துக்குள் அடியில் போய் உரசும், இரைச்சல்தான் கேட்கும். 78க்கென்றே விற்கும் தடித்த ஊசியை வாங்குங்கள்.

பிளேயருக்கும் கணினிக்கும் நடுவே ஃபோனோ பிரீஆம்ப் என்ற சிறு பெட்டி அவசியம். தட்டு வெட்டும்போது தாழ்சுரத்தைக் குறைத்து உச்சசுரத்தைக் கூட்டியிருப்பார்கள். அதை நேர்செய்வது அந்தப் பெட்டிதான். 1950களின் நடுப்பகுதியிலிருந்து இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு இருக்கிறது. அதற்கு முந்தைய 78களில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம். பதிவதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 24 பிட்டில் பதியுங்கள்; மிக உரத்த இடமும் மென்பொருளின் ஒலியளவுக் காட்டியில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் அளவை வையுங்கள். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாகப் பதிந்து, கை வைக்காத அந்த மூலத்தைத் தனியே சேமித்த பிறகே பாட்டுகளாகப் பிரியுங்கள். இரைச்சல் நீக்கும் கருவியை முடிந்தவரை தொடாதீர்கள். அது கீறலோடு சேர்த்துத் தம்பூராவையும் அள்ளிக்கொண்டு போகும். கீறல் இருந்தாலும் மூச்சு கேட்கும் பதிவே மேல்.

நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தையும், அதைச் சுற்றிப் பள்ளத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் படமெடுத்து அதே கோப்புறையில் வையுங்கள். எந்தப் பதிவு, எந்த அச்சு என்று பின்னால் வருபவர் கண்டுபிடிக்க அந்த எண்தான் உதவும். 78 ஊசி வாங்குமுன், ஊசி பொருந்தும் கார்ட்ரிட்ஜின் மாடலை எனக்கு எழுதுங்கள். பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அடையாற்றிலிருந்து: கோப்பை இறக்கிக்கொண்டு தட்டை விற்றுவிடலாமா?

நான் செய்ய மாட்டேன். தட்டை விற்றால் கோப்பையும் அழித்துவிட வேண்டும். ஒரு விலை கொடுத்தோம். ஒருவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேளச்சேரித் தம்பியே மறுபடியும்: அண்ணா, என்னிடம் மிச்சமிருக்கும் குறியீடுகளில் சில, ஏற்கெனவே வேறு வழியில் கோப்பாக வாங்கியவை. அவற்றை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

காசு வாங்காமல், தெரிந்த ஒருவருக்கு, தனியாக அனுப்பிக் கொடுங்கள். சீட்டைப் படமெடுத்துப் பொதுவில் போட்டால் முதலில் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். அவர் அந்த இசையைக் கேட்பாரா என்பதே சந்தேகம். பெற்றவர் இறக்கிக்கொண்டதும் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். அதைச் சீட்டின் பின்புறம் பென்சிலால் குறித்து, உறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். நாளை அந்தத் தட்டு யார் கைக்குப் போனாலும் அவர் வீணாக இட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.