எக்செல் கேட்கும் 1, 2, 3: உங்கள் டி-டெஸ்ட் எது?

எம்.எஸ்சி. நர்சிங் படிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "ஒரே 15 பேருக்கு மூச்சுப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தம் பார்த்தேன். எக்செலில் டி-டெஸ்ட் போட்டால் கடைசியில் 1, 2, 3 என்று வகை கேட்கிறது. 3 போட்டால் பி மதிப்பு 0.05-க்கு மேல் போகிறது, 1 போட்டால் கீழே வருகிறது. 1-ஐ எடுத்துக்கொண்டால் ஏமாற்று வேலை ஆகிவிடுமா?"

ஆகாது, 1-ஐயே போடுங்கள். பி சின்னதாக வருகிறது என்பதற்காக இல்லை, ஒரே ஆளை இரண்டு முறை அளந்தீர்கள் என்பதற்காக. (டி-டெஸ்ட் என்பது இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தைச் சோதிக்கும் கணக்கு. உண்மையில் வித்தியாசமே இல்லை என்றாலும் இவ்வளவோ இதைவிடக் கூடுதலோ தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி மதிப்பு; அது 0.05-க்குக் கீழே வந்தால் வித்தியாசம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.) முன்னால் ஒரு 15 பேர், பின்னால் வேறு 15 பேர் என்றிருந்தால் 3-தான் சரி; அப்போது 0.05-ஐத் தாண்டினால் தாண்டியதுதான்.

டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த கோசெட், 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் இந்த முறையை வெளியிட்டபோது காட்டிய கணக்கையே பாருங்கள். 10 நோயாளிகள், இரண்டு தூக்க மருந்துகள், ஒவ்வொருவரும் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள், வழக்கத்தைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்பதுதான் அளவு. இரண்டாம் நோயாளிக்கு முதல் மருந்தில் 1.6 மணி குறைந்தது, அடுத்ததில் 0.8 கூடியது. ஏழாமவருக்கோ 3.7, 5.5. ஆளுக்கு ஆள் எவ்வளவு வித்தியாசம்! வகை 3 இந்த ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் சேர்ப்பதால், மருந்தின் வித்தியாசம் அதில் அமுங்கி பி 0.08 வருகிறது. வகை 1 செய்வதுபோல ஒவ்வொருவருக்கும் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துப் பாருங்கள், அவரவர் உடல்வாகு அடிபட்டுப் போகும்: 9 பேருக்கு இரண்டாவதே மேல், ஒருவருக்குச் சமம், சராசரி வித்தியாசம் 1.58 மணி, பி 0.003. எண்கள் அதே 20-தான்.

வகை 2-உம் தனித்தனி ஆட்களுக்குத்தான், ஆனால் இரண்டு குழுவின் சிதறலும் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பது) சமம் என்று வைத்துக்கொள்ளும். அது நமக்கு எப்படித் தெரியும்? தனித்தனி ஆட்கள் என்றால் நான் 3-தான் போடச் சொல்வேன்.

டெஸ்ட் போடுமுன் கழித்து வந்த எண்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள். அந்தத் தூக்கக் கணக்கில் ஒன்பதாமவருக்கு மட்டும் 4.6 வரும், அவரை எடுத்துவிட்டால் சராசரி 1.24 ஆகிறதே தவிர முடிவு மாறவில்லை. உங்களிடமும் அப்படி ஒருவர் தனியாக நின்றால், நோட்டில் எழுதும்போது எண் தவறியதா என்று பாருங்கள். சரியான எண் என்றால் தயவுசெய்து அழிக்காதீர்கள், அவரோடு வரும் முடிவையும் அவர் இல்லாமல் வரும் முடிவையும் சேர்த்தே எழுதுங்கள்.

அப்புறம், பயிற்சி செய்யாத ஒரு குழு உங்களிடம் இல்லை. சும்மா பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாலே இரண்டாவது முறை ரத்த அழுத்தம் இறங்குவது உண்டு. பி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பயிற்சியால்தான் இறங்கியது என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். பயிற்சிக்குப் பின் இத்தனை புள்ளி இறங்கியிருந்தது என்று எழுதுங்கள்.