வேலி எடுத்த வளவில் பந்தல் எந்தப் பக்கம்?

கேள்வி: கனடாவில், ஸ்காபுறோவில் இருக்கிறோம். பனியில் சாய்ந்த வேலியை எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மாவோடு சேர்ந்து இந்த முறை பின்வளவில் தோட்டம் செய்யப்போகிறோம். அவருக்குத் தக்காளி வேண்டும், எங்களுக்குப் பாகலும் பயிற்றையும். அவருடைய வளவு எங்களுக்கு வடக்கே இருக்கிறது. இடத்தை எப்படிப் பிரிப்பது, எப்போது நடுவது?

பதில்: வேலியை எடுத்ததே பாதி வேலை முடிந்த மாதிரி. இனி அடி அளந்து பிரிக்காதீர்கள், வெயிலைப் பார்த்துப் பிரியுங்கள்.

பழைய எல்லையில் நீங்கள் பந்தல் போட்டால் நிழல் நேரே அவருடைய தக்காளியில்தான் விழும். 6 அடிப் பந்தலின் உச்சிவெயில் நிழல் ஜூன் கடைசியில் இரண்டு அடிக்குச் சற்று மேலேதான் இருக்கும். பரவாயில்லையே என்று தோன்றும். செப்டம்பர் கடைசியில் அதே பந்தலின் நிழல் கிட்டத்தட்ட 6 அடிக்கு நீண்டுவிடும். கடைசித் தக்காளிகள் பழுக்கப் பார்க்கும் நேரம் அது. ஆகவே இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பந்தல் அவருடைய வளவின் வடக்கு ஓரத்தில் நிற்கட்டும், அவருடைய தக்காளி உங்கள் பக்கத்துக்கு வரட்டும். கேட்கச் சங்கடமாக இருக்கும்தான். சேர்ந்து செய்வதில் கிடைக்கிற பெரிய லாபமே இதுதான் என்பதால் தயங்காமல் கேளுங்கள்.

ஏப்ரல் வெயிலைப் பார்த்து மட்டும் இடம் குறிக்காதீர்கள். மேப்பிள் மரம் இப்போது மொட்டையாக நிற்கும், ஜூனில் இலை மூடிவிடும். தக்காளிக்கு ஒரு நாளில் 6 மணி நேர வெயிலாவது வேண்டும். போன கோடையில் எடுத்த படங்கள் கைபேசியில் இருந்தால் இருவரும் சேர்ந்து பாருங்கள்.

பந்தலுக்குக் கால் நடக் கிடங்கு வெட்டுமுன் ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்குச் சொல்லிவிடுங்கள். நிலத்தடியில் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று குறித்துத் தர ஏற்பாடு செய்வார்கள். காசு இல்லை, ஆனால் வெட்டுமுன் சொல்வது சட்டப்படி கட்டாயம்.

நடுவதற்கு, மே பிற்பகுதியில் வரும் விக்ரோறியா நாள் விடுமுறை வார இறுதி வரைக்கும் பொறுங்கள். தக்காளி அப்போது இறங்கலாம். பாகலுக்கு அதுவும் அவசரம்தான். இரவிலும் 12 பாகை செல்சியஸுக்குக் கீழே போகாத நாட்கள் வரட்டும், பெரும்பாலும் அது ஜூன் தொடக்கம். ஏப்ரல் கடைசியில் பாகல் விதையின் மேலோட்டை நகவெட்டியால் இலேசாகக் கிள்ளி, ஓர் இரவு ஊறவைத்து, கடதாசிக் கோப்பையில் போடுங்கள். வேரைக் கலைத்தால் கன்று வாடிவிடும், கோப்பையோடே நடலாம். நடுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பிருந்து பகலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வைத்துப் பழக்குங்கள்.

புதினா யாருடையதானாலும் சட்டியில்தான். நிலத்தில் விட்டால் அடியாலேயே ஓடி மற்றவரின் பாத்திக்குள் எழும்பும். தண்ணீர் யாருடைய குழாயிலிருந்து வரும், கட்டணத்தை எப்படிப் பகிர்வது, ஜூலையில் ஒருவர் ஊருக்குப் போனால் யார் ஊற்றுவது என்பதை இப்போதே பேசி ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

அப்புறம், மண்ணைக் கொத்துமுன் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒக்டோபரில் உள்ளி (பூண்டு) ஊன்றியிருந்தால் இப்போது பச்சை முனைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். புல் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். ஜூலையில் அதைக் கிண்டி எடுக்கும்வரை அந்தப் பாத்தியைத் தொட வேண்டாம்.