வயிற்றுப் புற்றுநோய் அறுவை: டாக்டரிடம் கேட்டவை

வேலூரில் வயிற்றுப் புற்றுநோய் அறுவையும் அதைக் கற்றுக்கொடுப்பதுமாகப் பல வருடம் ஓடிவிட்டது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

குடியாத்தம் வாசகர்: டாக்டர், அம்மாவுக்குக் குடல்வாலில் தொடங்கி வயிறு முழுக்க ஜெல்லி மாதிரி பரவியிருக்கிறதாம். ‘சூடான கீமோ’ கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். நிஜமா?

சூடான கீமோ என்ற பேர்தான் எல்லார் காதிலும் விழுகிறது. அசல் வேலை அதற்கு முன்னால். வயிற்றைத் திறந்து, உள்சவ்வில் ஒட்டிய கட்டிகளையெல்லாம் உரித்தெடுக்க வேண்டும். எட்டு, பத்து மணி நேரம்கூட ஆகும். மருந்து திசுவுக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். பெரிய கட்டியை மிச்சம் வைத்துவிட்டு மேலே ஊற்றிப் பயனில்லை. எடுத்து முடித்த பிறகு 41 முதல் 43 டிகிரி சூட்டில் மருந்தை வயிற்றுக்குள் சுற்றவிடுவோம். நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க, வயிற்றை 13 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க் போடுவோம். மொத்தம் 39. அமெரிக்க சர்ஜன் பால் சுகர்பேக்கர் கொண்டுவந்த கணக்கு இது. இங்கே மார்க் கூடினால் கஷ்டம். ஆனால் அம்மாவுக்கு வந்திருக்கும் வகையில், மார்க் கூடுதலாக இருந்தாலும் முழுசாக எடுக்க முடிந்தால் நல்ல பலன் உண்டு. சிறுகுடல் எங்கும் ஒட்டியிருந்தால் சிரமம். ஆகவே "முழுசாக எடுக்க வருமா, இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அபூர்வமான நோய் என்பதால் இங்கிலாந்தில்கூட பேசிங்ஸ்டோக், மான்செஸ்டர் என்று குறிப்பிட்ட மையங்களுக்குத்தான் அனுப்புகிறார்கள்.

காட்பாடி, எம்.பி.பி.எஸ். மாணவர்: சார், இந்தத் துறைக்கு வர எவ்வளவு காலம்?

எம்.எஸ். என்ற அறுவை மேற்படிப்பு மூன்று வருடம், பிறகு நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு, அப்புறம் புற்றுநோய் அறுவைக்கான எம்.சிஎச். இன்னொரு மூன்று வருடம். அப்புறமும் தனியாகச் செய்யக் கை பழக வேண்டும் தம்பி. வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் இந்தக் கணக்கைச் சொல்லிவிடு.

ஒரு விஷயம் சொல்கிறேன். மலக்குடல் புற்றை, அதைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையோடு கிழியாமல் எடுக்க வேண்டும் என்று 1982-இல் எழுதியவர் சர்ஜன் பில் ஹீல்ட், அதே பேசிங்ஸ்டோக்காரர். பிறகு ஸ்டாக்ஹோமில் அங்குள்ள சர்ஜன்களுக்கு இதைப் பயிற்சி வகுப்பாக நடத்தினார்கள். அதே இடத்தில் நோய் திரும்புவது 15 சதவீதம் அளவில் இருந்து 6 ஆக இறங்கியது. புது மருந்து எதுவும் வரவில்லை. சர்ஜன்களின் கை திருந்தியது, அவ்வளவுதான். பயிற்சியே ஒரு சிகிச்சை என்று நான் பிடிவாதமாகப் பேசுவது இதனால்தான்.

ஆற்காடு வாசகர்: அப்போ எங்க அப்பா வயிற்றில்தான் கற்றுக்கொள்வார்களா?

கோபம் புரிகிறது. பயிற்சி டாக்டருக்கு முழு ஆபரேஷனையும் ஒரேயடியாகக் கொடுப்பதில்லை. முதலில் திறப்பது, மூடுவது. பிறகு குடலை விடுவிப்பது. வெட்டிய குடலை இணைப்பது கடைசியில். சீனியரும் கையுறை மாட்டித் தயாராக எதிரே நிற்பார். கைவேலையைவிடக் கஷ்டமான பாடம், திறந்து பார்த்தபின் "இது எடுக்க வராது" என்று முடிவெடுத்து மூடுவது. அதற்கு எனக்கே வெகுநாள் பிடித்தது.

ராணிப்பேட்டை வாசகர்: ஆராய்ச்சியில் சேரக் கையெழுத்து கேட்கிறார்கள். சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ?

மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக்கூடாது, நடுவில் விலகவும் செய்யலாம். படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆராய்ச்சி இல்லாவிட்டால் நாங்களே ஏமாந்து போவோம். பெருங்குடல் புற்று வயிற்றுக்குள் பரவிய 265 பேரை வைத்து பிரான்சில் ஒரு ஆய்வு. முடிவு 2021-இல் வெளியானது. முழு அறுவை மட்டும் ஒரு பிரிவுக்கு, அதோடு ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தைச் சூடான கீமோவாக இன்னொரு பிரிவுக்கு. இரண்டிலும் சராசரி ஆயுள் ஏறக்குறைய 41 மாதம்தான். சூடான கீமோ பெற்றவர்களுக்குப் பின்னாளில் சிக்கலும் அதிகம். குடியாத்தம் அம்மாவின் நோய் வேறு, இதைப் படித்து அவர்கள் பயப்பட வேண்டாம்.

வாணியம்பாடி வாசகர்: இரண்டாவது கருத்து கேட்க வரும்போது என்ன கொண்டுவரணும்?

ஸ்கேன் ஃபிலிமோடு சி.டி.யும். அதைவிட முக்கியம் பயாப்சி ஸ்லைடும், எடுத்த சதைத் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கும். பழைய லேபில் எழுதிக் கொடுத்தால் தருவார்கள். பிளாக்கை வெயிலில் நிற்கும் காரில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.