மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள தம்பியை முழுதாகக் குணமான பிறகுதான் வேலைக்கு விட வேண்டுமா? (கிளிநொச்சியிலிருந்து ஓர் அக்காவின் கேள்வி)

இல்லை அக்கா, காத்திருக்கத் தேவையில்லை. தம்பிக்கு வேலை செய்ய விருப்பம் இருக்கிறதா? அது போதும்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்ற மனநல ஆய்வாளர்கள் இருவரும் வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு. மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து அப்புறம் வேலை தேடுவதில்லை. விரும்பிய சம்பள வேலையில் முதலில் சேர்த்துவிட்டு, தேவைப்படும் வரை கூட நிற்பார்கள். வேலைக்கு உதவுபவரும் மருத்துவக் குழுவில் ஒருவர். ஐரோப்பாவின் 6 நகரங்களில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், இப்படி உதவி பெற்றவர்களில் சுமார் 55 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது. வழக்கமான தொழிற்பயிற்சிக்குப் போனவர்களில் சுமார் 28 சதவீதம்தான். மருத்துவமனையில் மறுபடி சேர்வதும் கூடவில்லை, குறைந்தது.

சரி, வன்னியில்? அந்த உதவியாளரின் வேலையை நீங்களே பாதி செய்யலாம். அரிசி ஆலையோ தையல் கடையோ, முதலாளியிடம் இரண்டு விஷயம் பேசுங்கள்: மருந்து மயக்கம் காலையில் இருந்தால் பத்து மணிக்குத் தொடங்குவது, கிளினிக் நாளில் லீவு. நோயைச் சொல்வதா என்பது தம்பியின் முடிவு (ஊருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், அது வேறு கதை). வேலை கிடைத்ததென்று மருந்தை நிறுத்த விடாதீர்கள். "சாப்பாடு போடுகிறோமே" என்று சம்பளமில்லாமல் வேலை வாங்கும் இடத்துக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்.